குமிழிக்கு வரி, சீனிக்குச் சலுகை

போன இதழில் ஜி.எஸ்.டி. விகித மாற்றம் பற்றி எழுதியபோது, போகிற போக்கில் “கூல்டிரிங்ஸுக்கு 40 சதவீதம் போட்டும் எங்கள் தெருவில் ஒரு தொப்பை குறையக் காணோம்” என்று ஒரு வரி எழுதிவிட்டேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த வரியைப் பிடித்துக்கொண்டவை. அதனால் இந்த இதழ் முழுக்க இனிப்புப் பானங்களும் அவற்றின் மீதான வரியும்தான். பட்டா மாறுதலும் வீட்டு வரியும் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்தருள வேண்டும். ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: நான் டாக்டர் இல்லை. வணிகவரித் துறையில் 31 வருஷம் கணக்குப் புத்தகம் புரட்டியவன். எனக்கும் சுகர் உண்டு என்பதைத் தவிர மருத்துவத்தில் வேறு தகுதி கிடையாது.

வரி போட்டால் ஜனங்கள் இளைப்பார்களா, மாட்டார்களா? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.
– ஆர்.கே., விருதுநகர்

குடிப்பது குறையும். இளைப்பது வேறு விஷயம்.

மெக்ஸிகோவை எடுத்துக்கொள்ளுங்கள். கோலா குடிப்பதில் ஊருக்கெல்லாம் அண்ணன் அந்த நாடு. தெற்கே சியாபாஸ் மாநிலத்தில் சான் ஹுவான் சாமுலா என்று ஒரு ஊர். அங்கே தேவாலயத்துக்குள் மெழுகுவர்த்தி ஏற்றி, பக்கத்திலேயே கோலா பாட்டிலையும் வைத்து வேண்டிக்கொள்கிறார்கள். குடித்து ஏப்பம் விட்டால் உடம்பைப் பிடித்த கெட்டது வெளியேறிவிடும் என்று நம்பிக்கை. 2000 முதல் 2006 வரை அதிபராக இருந்த விசென்டே ஃபாக்ஸ், அரசியலுக்கு வருமுன் கோகோ கோலாவின் மெக்ஸிகோ பிரிவுக்குத் தலைவர். அப்பேர்ப்பட்ட நாட்டில்தான் 2014 ஜனவரி 1 முதல் லிட்டருக்கு 1 பெசோ என்று வரி போட்டார்கள். விலையில் ஏறக்குறைய 10 சதவீதம்.

முதல் வருஷம் வாங்குவது சராசரியாக 6 சதவீதம் குறைந்தது. அந்த டிசம்பர் மாதத்தை மட்டும் பார்த்தால் 12 சதவீதம். ஏழை வீடுகளில் 17. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சதவீதத்தைக் கண்டால் எனக்குப் பழைய சந்தேகம் வந்துவிடும், உடனே அளவு என்ன என்று பார்ப்பேன். நகரத்தில் இருக்கும் ஒரு ஆள் அந்த வருஷம் முழுக்க 4.2 லிட்டர் குறைவாக வாங்கியிருக்கிறார். 365-ஆல் வகுத்தால் நாளைக்கு 12 மில்லிகூட வரவில்லை. கைக்குழந்தைக்குச் சங்கில் மருந்து புகட்டுவோமே, அவ்வளவுதான். அதில் இருக்கும் சீனி ஒன்றேகால் கிராம், 5 கலோரி. அந்த நாட்டில் பெரியவர்களில் நாலுக்கு மூன்று பேர் எடை கூடியவர்கள். சங்களவில் என்ன இளைக்கும்?

அதே சமயம், சராசரி என்பது குடிக்காதவரையும் சேர்த்துப் போட்ட கணக்கு. தினம் ஒரு பெரிய பாட்டிலைக் காலி செய்கிறவர் அதில் கால்வாசியை விட்டிருந்தால் அவர் உடம்புக்கு அது பெரிய விஷயம். மெக்ஸிகோக்காரர்களும் வரியைக் கைவிடவில்லை. 2026-லிருந்து லிட்டருக்கு 3 பெசோவுக்கு மேல் ஏற்றிவிட்டார்கள்.

அப்படியானால் வரி வீண் என்கிறீர்களா?
– டி.எஸ்., மதுரை

இல்லை. குடிக்கிறவரை மிரட்டும் வரியைவிட, தயாரிக்கிறவரை மிரட்டும் வரி நன்றாக வேலை செய்கிறது என்கிறேன்.

இங்கிலாந்தில் 2016 மார்ச் பட்ஜெட்டில் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் ஒரு வரியை அறிவித்தார். அமலுக்கு வந்தது 2018 ஏப்ரல் 6. நடுவில் இரண்டு வருஷ அவகாசம் கொடுத்தாரே, சூட்சுமம் அங்கேதான். 100 மில்லிக்கு 5 கிராமுக்குக் கீழே சீனி இருந்தால் வரியே இல்லை. 5 முதல் 8 கிராமுக்குள் என்றால் தொடக்கத்தில் லிட்டருக்கு 18 பென்ஸ். 8-உம் அதற்கு மேலும் என்றால் 24 பென்ஸ். கம்பெனிக்காரன் என்ன செய்வான்? 5-க்குக் கீழே இறங்கப் பார்ப்பான்.

இறங்கினார்கள். ஸ்காட்லாந்தில் ஐர்ன் புரூ என்று ஆரஞ்சு நிறத்தில் ஒரு கலர் உண்டு. நம் ஊர் பழைய கலர் கம்பெனிகளுக்கு ஊர்ப்பற்று இருக்கிற மாதிரி அங்கே அதற்கு. அதில் 100 மில்லிக்கு 10.3 கிராம் இருந்த சீனியை 4.7-க்குக் கொண்டுவந்தார்கள். பழைய ருசி போய்விடுமே என்று ஜனங்கள் பெட்டி பெட்டியாக வாங்கி வீட்டில் அடுக்கிய கூத்தும் நடந்தது. 4.7 என்ற எண்ணை மறுபடி பாருங்கள். கோட்டுக்கு ஒரு முடி கீழே. வரி ஆபீஸில் வேலை பார்த்த எவனுக்கும் இந்த எண் சிரிப்பை வரவழைக்கும். இப்போது அந்தக் கோட்டையே 4.5-க்கு இறக்கப்போகிறார்கள், 2028 ஜனவரி முதல். ஐர்ன் புரூ மறுபடி கணக்குப் போட வேண்டும்.

மொத்தத்தில் 2015-க்கும் 2020-க்கும் நடுவில், அந்த வரிக்கு உட்பட்ட பானங்களில் இருந்த சீனி பாதிக்குக் கொஞ்சம் குறைவாக, 46 சதவீதம் இறங்கியது. குடிக்கிறவர் எதையும் விட வேண்டியிருக்கவில்லை. அதே பாட்டில், அதே பெயர், உள்ளே சீனி மட்டும் குறைவு.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது வசூல் கணக்கு. முதல் வருஷம் 52 கோடி பவுண்டு வரும் என்றார் ஆஸ்போர்ன். வந்தது 24 கோடி. எங்கள் துறையில் இலக்கில் பாதிகூட வசூல் ஆகவில்லை என்றால் மெமோ வரும், அடுத்த மாதம் ராமநாதபுரம் செக்போஸ்ட்டுக்கு மாறுதல் வரும். அங்கே வசூல் குறைந்ததுதான் வரி வேலை செய்ததற்கு அத்தாட்சி. வரியின் நோக்கமே வசூல் ஆகாமல் இருப்பது என்கிற ஒரு சட்டத்தை நான் சர்வீஸில் இருந்தவரை பார்த்ததில்லை.

எடை விஷயத்துக்கு வருகிறேன். 2023-ல் வந்த ஒரு ஆய்வு, இங்கிலாந்தில் 10, 11 வயதுச் சிறுமிகளிடம் உடல்பருமன் எதிர்பார்த்ததைவிட 8 சதவீதம் குறைந்ததாகச் சொல்கிறது. வருஷத்துக்குச் சுமார் 5,200 பிள்ளைகள். அதே வயதுப் பையன்களிடம் அந்த மாற்றம் தென்படவில்லை. பள்ளியில் அப்போதுதான் சேர்ந்த குழந்தைகளிடமும் இல்லை. பல் விஷயத்தில் பலன் இன்னும் பளிச்சென்று தெரிந்தது: 18 வயதுக்குள் பல் பிடுங்க ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் 12 சதவீதம் குறைவு.

ஒரு பக்கவிளைவையும் சொல்ல வேண்டும். லூக்கோசேட் என்கிற பானத்தில் 13 கிராம் இருந்ததை 4.5 ஆக்கினார்கள். சுகர்காரர்கள் திடீரென்று லோ சுகர் ஆனால் அதைத்தான் குடிப்பார்கள். பழைய அளவே குடித்தால் இனி ஏறாது என்று எச்சரிக்கை கொடுக்க வேண்டியதாயிற்று. எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவிலும் இதற்காக ஒரு மாம்பழ ஜூஸ் பாக்கெட் எப்போதும் இருக்கும். பேரன் கண்ணில் படாமல் வைப்பதுதான் கஷ்டம்.

இந்தியாவில் 40 சதவீதம் வரி. இங்கிலாந்தைவிட அதிகமாகவே இருக்குமே. இங்கே ஏன் அப்படி நடக்கவில்லை?
– எம்., பாளையங்கோட்டை

இந்தக் கேள்விக்காகவே போன ஞாயிற்றுக்கிழமை திருமங்கலத்தில் என் மச்சினன் கடைக்குப் போனேன். மளிகைக் கடை, வாசலில் கண்ணாடிக் கதவு போட்ட கூலர். மூன்றை எடுத்து மேஜையில் வைத்தேன். ஒரு கோலா. சீனியே இல்லாத கோலா ஒன்று. ஒரு மாம்பழப் பான டெட்ரா பாக்கெட். கோலாவில் 100 மில்லிக்கு 10.6 கிராம் சீனி. ஜீரோ என்று எழுதியதில் பூஜ்யம். மாம்பழ பாக்கெட்டின் பின்பக்கத்தைக் கண்ணாடி போட்டுப் படித்தேன்: 13 கிராம் சொச்சம்.

வரி? 2025 செப்டம்பர் 22-க்குப் பிறகு, முதல் இரண்டுக்கும் 40 சதவீதம். மூன்றாவதுக்கு 5. முன்பு அதற்கு 12 இருந்தது, குறைத்துவிட்டார்கள். பத்து ரூபாய் பாட்டில் என்று வைத்துக்கொண்டால், சீனியில்லாத கோலாவில் வரி 2 ரூபாய் 86 பைசா. அதிகச் சீனி உள்ள மாம்பழத்தில் 48 பைசா. அதே மாம்பழத்தில் காற்றை அடைத்துக் குமிழி விட்டால் 40-க்கு ஏறிவிடும். வெறும் சோடாவுக்கு 5. ஆக மாம்பழத்துக்கு 5-ஆ 40-ஆ என்பதைத் தீர்மானிப்பது குமிழி. சீனியை யாரும் எண்ணவே இல்லை.

இது இன்று நேற்றுத் தகராறு இல்லை. ஆப்பி ஃபிஸ் என்ற ஆப்பிள் பானம், கேரள வாட் சட்டத்தில் பழச்சாறு வகையில் 12.5 சதவீதமா, காற்றடைத்த பானம் என்று 20 சதவீதமா என்று உச்ச நீதிமன்றம் வரை போனது. 2017-ல் தீர்ப்பு வந்தது: பழச்சாறு வகைதான், காற்று அடைத்தது கெடாமல் இருக்கத்தான் என்று. பிறகு 2021-ல் ஜி.எஸ்.டி. கவுன்சில் அந்த மாதிரிப் பானங்களைத் தூக்கி வரி 28-உம், செஸ் என்கிற கூடுதல் வரி 12-உம் என்று மேலே வைத்தது. எங்கள் ஆபீஸிலும் இந்த ரகப் பஞ்சாயத்து நடக்கும். பழம் எத்தனை சதவீதம், காற்று எத்தனை சதவீதம் என்று இரண்டு பக்கமும் மணிக்கணக்கில் வாதாடுவார்கள். சீனி எவ்வளவு என்று கேட்ட ஒரு அதிகாரியை நான் கண்டதில்லை. நானும் கேட்டதில்லை.

இன்னொரு ஓட்டையும் உண்டு. நம் வரி விலையின் மீது. கம்பெனி விலையைக் குறைத்தால் வரியும் கூடவே குறைந்து கொடுக்கும். 2023-ல் கேம்பா கோலா 200 மில்லி பத்து ரூபாய்க்கு வந்தபின் சந்தையில் நடக்கும் விலைப் போட்டியைப் பார்க்கிறீர்கள் அல்லவா? 40 சதவீதம் கட்டியும் பத்து ரூபாய்க்கு ஒரு பாட்டில் கிடைக்கிறது. மெக்ஸிகோவிலும் இங்கிலாந்திலும் வரி லிட்டர் கணக்கு. விலையைக் குறைத்தாலும் அது அசையாது.

கடைசியாக, சர்க்கார் சீனியின் எதிரி ஒன்றும் இல்லை. சீனிக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். நம் ரேஷன் கடையில் கிலோ 25 ரூபாய். அரிசி வேண்டாம், சீனி போதும் என்பவர்களுக்குத் தனியாகச் சீனி கார்டே வைத்திருக்கிற மாநிலம் இது.

ஜீரோ சுகர் கோலா குடித்தால் குண்டாக மாட்டோம்தானே? ஹாஸ்டலில் பந்தயம் கட்டியிருக்கிறோம்.
– கல்லூரி மாணவர், கோவில்பட்டி

சீனி இல்லாததால் அதிலிருந்து கலோரி ஏறாது. ஆனால் எடை குறைக்கச் செயற்கை இனிப்பை நம்ப வேண்டாம் என்று 2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கிறது. பந்தயப் பணத்தைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

கேரளாவில் பீட்சாவுக்குக் கொழுப்பு வரி போட்டார்களே, என்ன ஆயிற்று?
– சி.வி., கும்பகோணம்

2016 ஜூலை பட்ஜெட். பிராண்ட் பெயரில் நடக்கும் உணவகங்களில் பர்கர், பீட்சா வகைகளுக்கு 14.5 சதவீதம். அடுத்த ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து விழுங்கிவிட்டது. யாராவது இளைத்தார்களா என்று தராசு எடுத்து வருவதற்குள் வரியே போய்விட்டது.

நான் பெட்டிக்கடைக்காரன். பணக்காரன் ஜூஸ் கடையில் 150 ரூபாய்க்குக் குடிக்கிறான். பத்து ரூபாய் கலர் குடிக்கிற கூலிக்காரன் தலையில்தான் இந்த வரி. இது நியாயமா?
– போடிநாயக்கனூர் வாசகர்

பாதி நியாயம் உங்கள் பக்கம். விலையின் மீது போடும் எந்த வரியும் இல்லாதவனைத்தான் முதலில் கடிக்கும். ஆனால் உப்புக்குப் போடும் வரியும் கலருக்குப் போடும் வரியும் ஒன்று அல்ல. உப்பு இல்லாமல் கஞ்சி குடிக்க முடியாது, அதனால்தான் 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார். கலருக்காக அப்படி யாரும் நடக்க மாட்டார்கள். மெக்ஸிகோவில் அதிகம் குறைத்தது ஏழை வீடுகள்தான் என்று மேலே சொன்னேன். சுகர் வந்தால் மாத்திரைக்கும் ஊசிக்கும் முதலில் கடன் வாங்குவதும் அவர்கள்தான்.

டென்மார்க்கில் பல காலமாகக் கூல்டிரிங்ஸ் வரி இருந்தது. ஜனங்கள் எல்லை தாண்டி ஜெர்மனிக்குக் காரில் போய்ப் பெட்டி பெட்டியாக ஏற்றிவந்தார்கள். 2014-ல் எடுத்தே விட்டார்கள். கடலூர், விழுப்புரம் பக்கத்து வாசகர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நம் வரி நாடு முழுக்க ஒன்று என்பதால் கலருக்காகப் புதுச்சேரி பஸ் ஏற வேலை இல்லை.

உங்கள் கடை பற்றி ஒரு யோசனை. கூலரில் கண் உயரத்தில் இருக்கும் தட்டில் என்ன வைக்கிறீர்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் கூலரைக் கொடுத்த கம்பெனியின் சரக்காகத்தான் இருக்கும். வரியைவிட அந்தத் தட்டுக்குச் செல்வாக்கு அதிகம் என்று என் மச்சினன் சொல்வான். அவன் 22 வருஷமாகக் கடை வைத்திருக்கிறவன், நான் மறுத்துப் பேசுவதில்லை.

என் மகனுக்கு 11 வயது, 58 கிலோ. ஸ்கூல் விட்டு வரும்போது தினமும் ஒரு கூல்டிரிங்ஸ். விலை ஏறினால் இன்னும் பத்து ரூபாய் கேட்கிறான். வரியெல்லாம் எங்கள் வீட்டில் செல்லாது சார். என்ன செய்வது?
– ஒரு தாய், சிவகாசி

அம்மா, முதலில் ஒரு குழந்தை டாக்டரிடம் காட்டுங்கள். எடையை அவர் பார்த்துக்கொள்வார். நான் சொல்லக்கூடியது மச்சினன் கடையில் நடந்ததைத்தான்.

அன்றைக்கு நான் பாட்டில்களைத் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தபோது, எட்டாவது படிக்கிற பக்கத்து வீட்டுப் பையன் 600 மில்லி கோலா வாங்க வந்தான். “தம்பி, ஒரு நிமிஷம்” என்றேன். மச்சினனிடம் எலெக்ட்ரானிக் தராசில் ஒரு தினத்தாள் துண்டை வைக்கச் சொல்லி, மூட்டையிலிருந்து சீனியை அள்ளிப் போடச் சொன்னேன். 64 கிராம் வந்ததும் நிறுத்தச் சொன்னேன். சின்ன ஸ்பூனால் எண்ணினால் பதினாறு. தாளின் நடுவில் ஒரு சின்னக் கோபுரம் மாதிரி நின்றது. எறும்பு வேறு வந்துவிட்டது.

பையன் ரொம்ப நேரம் பார்த்தான். “இது எங்க அம்மா ஒரு வாரத்துக்குக் காபிக்குப் போடுறது தாத்தா” என்றான். பெரியவர்களே நாளைக்கு 25 கிராமோடு நிறுத்தினால் நல்லது, 50-ஐத் தாண்டவே கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு என்று சொன்னேன். அது அவன் காதில் ஏறவில்லை. கோபுரம் ஏறியது. இருந்தாலும் கோலாவை வாங்கிக்கொண்டுதான் போனான், 600-க்குப் பதில் பத்து ரூபாய் பாட்டில். அதையும் வெற்றி என்று மச்சினனிடம் சொன்னேன். “எனக்கு நஷ்டம்” என்றான்.

உங்கள் வீட்டிலும் தராசு இல்லாவிட்டால் ஸ்பூன் போதும். பையனையே எண்ணச் சொல்லுங்கள். பத்து ரூபாயைத் தருவதை நிறுத்துவது அதற்கு அடுத்த படி.

உங்களிடம் அதிகாரம் கொடுத்தால் எப்படி வரி போடுவீர்கள்?
– பி.ஏ., யாழ்ப்பாணம்

உங்கள் ஊரையே பார்த்து எழுதிக்கொள்வேன். 2016-ல் பானப் பாட்டில்களில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று சீனிக்கு நிற அடையாளம் கொண்டுவந்தீர்கள்: 100 மில்லிக்கு 11 கிராமுக்கு மேல் என்றால் சிவப்பு, 2-க்குக் கீழே என்றால் பச்சை. 2017 நவம்பரில் சீனி ஒரு கிராமுக்கு 50 சதம் என்று வரி போட்டீர்கள். அடுத்த வருஷமே அதைக் குறைத்துவிட்டார்கள், அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தென் ஆப்பிரிக்காவிலும் 2018 ஏப்ரல் முதல் கிராம் கணக்குத்தான், 100 மில்லிக்கு 4 கிராமுக்கு மேல் போகிற ஒவ்வொரு கிராமுக்கும்.

நானும் கிராமுக்குத்தான் போடுவேன். குமிழி, பழம், பால், எதுவானாலும் சரி, லேபிளில் சீனி எத்தனை கிராம் என்பதுதான் கேள்வி. இங்கிலாந்து மாதிரி இரண்டு வருஷம் முன்கூட்டியே சொல்லிவிடுவேன், கம்பெனிகள் சீனியைக் குறைத்துக்கொள்ளட்டும். முதல் வருஷம் வசூல் பாதியாகக் குறைந்தால் அந்த அதிகாரிக்கு மெமோவுக்குப் பதிலாகப் பாராட்டுக் கடிதம். இந்தக் கடைசி விதி எந்த நிதித்துறையிலும் நிறைவேறாது என்று எனக்குத் தெரியும்.

எல்லாம் சரி, டீக்கடை டீயில் போடும் சீனிக்கு என்ன வரி?
– எஸ்.பி., சாத்தூர்

மாட்டிவிட்டீர்கள். 2019–21 குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் எடை கூடியவர்கள். நாலைந்து வருஷம் முன் அது 30.9. இவர்களில் எத்தனை பேர் கலர் குடிக்கிறவர்கள்? எங்கள் தெருப் பெண்கள் கல்யாண வீட்டில் கொடுத்தால் குடிப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் காலையில் இரண்டு, மதியம் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று நாலு கிளாஸ் டீ, கிளாஸுக்கு இரண்டு ஸ்பூன். அதை எந்தக் கிராம் வரியும் தொட முடியாது. டீக்கடைக்காரர் பெரும்பாலும் ஜி.எஸ்.டி. பதிவுக்குள்ளேயே வர மாட்டார், வருஷ விற்பனை 20 லட்சத்தைத் தாண்டினால்தான்.

என் சொந்த அனுபவத்தில் ஒன்று மட்டும் சொல்கிறேன். மாஸ்டரிடம் “சீனி கம்மியா” என்றால் எல்லோருக்கும் போடுவதையே போடுவார். “சீனி இல்லாம” என்றால்தான் கம்மியாகப் போடுவார்.